குட்டி யானையும் 7,500 கிலோவும்: ஒரு லைசென்ஸ் வழக்கு சிறு வண்டி ஓனர்களுக்கு எதைத் தந்தது, எதைத் தரவில்லை

2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு ஒரு லைசென்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. பஜாஜ் அலையன்ஸ் ஜெனரல் இன்சூரன்ஸ் எதிர் ரம்பா தேவி என்பது வழக்கின் பெயர். அரசியல் சாசன அமர்வு என்றதும் ஏதோ பெரிய உரிமைப் பிரச்சினை என்று தோன்றும். அந்த ஐவர் முன் வந்த கேள்வியோ காய்கறி மண்டி வாசலில் தினமும் எழுகிற கேள்வி. கார் ஓட்டுகிற எல்.எம்.வி. (இலகு ரக மோட்டார் வாகன) லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவர் குட்டி யானை என்கிற டாடா ஏஸ் போன்ற சிறு சரக்கு வண்டியை ஓட்டலாமா? வாடகை, சரக்கு வண்டி ஓட்டுவதற்கான தனி அனுமதியான பேட்ஜ் வேண்டுமா? பேட்ஜ் இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்டுமா, ஓனர் தலையில் விழுமா?

மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம், அதற்குத் தனி அனுமதி தேவையில்லை என்று ஐவரும் ஒருமனதாகச் சொன்னார்கள். தண்ணீர் கேன் போடுபவர், பர்னிச்சர் கடை வைத்திருப்பவர், பால் வண்டி ஓட்டுபவர், கேட்டரிங் செய்பவர் என ஒன்றிரண்டு வண்டியை நம்பிப் பிழைக்கிற எல்லோருக்கும் இது பெரிய ஆறுதல். ஆனால் "இனிமேல் லைசென்ஸ் பிரச்சினையே கிடையாது" என்று இதைச் சுருக்கிப் புரிந்துகொண்டால் அது அவர்களுக்கே வினையாகும். தீர்ப்பு ஒரு கதவைத்தான் அடைத்திருக்கிறது. திறந்தே கிடக்கும் மற்ற கதவுகளைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

எவ்வளவு பணம் இதில் மாட்டியிருக்கிறது

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் பிரச்சினையின் கனம் புரியும். 30 வயது, சொந்தத் தொழில், மாதம் 15,000 ரூபாய் வருமானம், மனைவி, இரண்டு பிள்ளைகள். அப்படிப்பட்ட ஒருவர் வண்டி மோதி இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2009-இல் வந்த சர்லா வர்மா தீர்ப்பையும் 2017-இல் வந்த பிரணய் சேத்தி தீர்ப்பையும் வைத்துத்தான் இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் தொகையைக் கணக்கிடுகின்றன. ஆண்டு வருமானம் 1,80,000. எதிர்காலத்தில் வருமானம் உயர்ந்திருக்கும் என்று 40 சதவீதம் கூட்டினால் 2,52,000. தன் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொண்டிருப்பார் என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 1,68,000. இந்த ஆண்டுத் தொகையை எத்தனையால் பெருக்குவது என்று அந்த வயதுக்கு வகுத்திருக்கும் எண் 17. ஆக 28,56,000 ரூபாய். ஈமச்சடங்குச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை எல்லாம் இதற்கு மேல். மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் ஓடும்.

மோதிய வண்டியின் விலையே ஐந்தாறு லட்சம்தான். அதையும் பெரும்பாலும் ஃபைனான்ஸில் எடுத்திருப்பார்கள். 28 லட்சத்தை அந்த ஓனர் எங்கே போய்ப் புரட்டுவார்? இதற்காகத்தான் மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணப்படி, 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்கு அடிப்படைப் பிரீமியம் ஆண்டுக்கு 16,049 ரூபாய். அதைக் கட்டிவிட்டால் அடுத்தவரின் உயிருக்கும் உடலுக்கும் ஏற்படும் சேதத்துக்கு உச்சவரம்பே கிடையாது, தீர்ப்பாயம் சொல்கிற தொகை முழுவதையும் கம்பெனி கட்ட வேண்டும்.

கம்பெனி மறுப்பதற்கு மோட்டார் வாகனச் சட்டம் ஒரு சில காரணங்களை மட்டுமே அனுமதிக்கிறது. முன்பு 149-ஆம் பிரிவில் இருந்த அந்தப் பட்டியல், 2022 ஏப்ரல் 1 முதல் 150-ஆம் பிரிவில் இருக்கிறது. முறையான லைசென்ஸ் இல்லாதவர் வண்டியை ஓட்டினார் என்பது அதில் முக்கியமான ஒன்று. கீழ்க்கோர்ட்டுகளில் கம்பெனி வக்கீல்கள் முதலில் கையில் எடுப்பதும் இதைத்தான்.

அதை நிரூபித்துவிட்டால் என்ன நடக்கும்? 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நடுவழியைச் சொன்னது. பாதிக்கப்பட்ட குடும்பம் தெருவில் நிற்கக் கூடாது, எனவே கம்பெனி முதலில் அவர்களுக்குப் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். பாதிக்கப்பட்டவர் பக்கமிருந்து பார்த்தால் நியாயமான ஏற்பாடுதான். ஓனருக்கோ, பாலிசி இருந்தும் இல்லாத நிலைமை. வசூலிக்கத் தனி வழக்குகூடப் போட வேண்டாம், அதே தீர்ப்பின் மேல் நிறைவேற்று மனு போட்டால் போதும், ஓனரிடம் முழுத் தொகைக்கும் ஜாமீன் கேட்கலாம், வண்டியையே ஜப்தி செய்யலாம் என்று அதே ஆண்டு நஞ்சப்பன் வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரீமியம் ஒழுங்காகக் கட்டிவந்த ஒருவருக்கு, விபத்து நடந்து சில ஆண்டுகள் கழித்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கும்போது இந்த நோட்டீஸ் வரும்.

சட்டத்துக்குள்ளேயே இருந்த முரண்

1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(21) பிரிவைப் படித்தால் விவகாரத்தின் வேர் தெரியும். இலகு ரக மோட்டார் வாகனம் என்றால் என்ன என்று அங்கே விளக்கம் இருக்கிறது: மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத போக்குவரத்து வாகனம் அல்லது ஆம்னிபஸ், அல்லது வெற்று எடை 7,500 கிலோவைத் தாண்டாத கார், டிராக்டர், ரோடு ரோலர். பட்டியலில் முதலாவதாக நிற்பதே போக்குவரத்து வாகனம்தான். அதாவது, வாடகைக்கும் சரக்குக்கும் ஓடுகிற சிறிய வண்டியும் எல்.எம்.வி. என்றுதான் சட்டம் சொல்கிறது.

ஆனால் அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு, லைசென்ஸில் குறிப்பாக அனுமதி இருந்தாலன்றி யாரும் போக்குவரத்து வாகனம் ஓட்டக் கூடாது என்கிறது. லைசென்ஸ் வகைகளைப் பட்டியலிடும் 10(2) பிரிவில், முதலில் நடுத்தர சரக்கு, நடுத்தர பயணிகள், கனரக சரக்கு, கனரக பயணிகள் என்று நான்கு வகைகள் இருந்தன. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த நான்கையும் எடுத்துவிட்டு, "போக்குவரத்து வாகனம்" என்ற ஒரே வகையை அங்கே வைத்தது. அந்தத் திருத்தத்திலிருந்துதான் குழப்பம் வலுத்தது. நீக்கப்பட்டவை எல்லாம் பெரிய வண்டிகள், ஆகவே புதிய வகையும் பெரிய வண்டிகளுக்குத்தான் என்று ஒரு வாதம். போக்குவரத்து வாகனம் என்றால் எல்லாப் போக்குவரத்து வாகனமும்தான், குட்டி யானையும் அதில் அடக்கம் என்று எதிர்வாதம்.

நீதிமன்றமே இரண்டு பக்கமும் போய்வந்தது. 1999-இல் அசோக் கங்காதர் மராத்தா வழக்கில், ஸ்வராஜ் மஸ்தா வண்டிக்கு எல்.எம்.வி. லைசென்ஸ் போதும் என்று ஓனருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2007-இல் பிரபு லால் வழக்கில், டாடா 709 வண்டிக்கு அது போதாது என்று கம்பெனிக்குச் சாதகமாக வந்தது. 2013-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஐயப்பன் வழக்கு. மேக்ஸி கேப் என்கிற வாடகை வேன் ஓட்டியவரிடம் எல்.எம்.வி. லைசென்ஸ் இருந்தது, வணிக வண்டிக்கான அனுமதி இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் கம்பெனியை விடுவித்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து கம்பெனிதான் கட்ட வேண்டும் என்றது. 2017 ஜூலை 3 அன்று முகுந்த் தேவாங்கன் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, 7,500 கிலோ வரை பேட்ஜ் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னது. அதை ஏற்று மத்திய அரசும் 2018 ஏப்ரலில் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சட்டத்தின் சில பிரிவுகளை முகுந்த் தேவாங்கன் அமர்வு கவனிக்கத் தவறிவிட்டது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் எடுத்துச் சொல்ல, 2022 மார்ச்சில் மற்றொரு மூன்று நீதிபதிகள் அமர்வு கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. ரம்பா தேவி வழக்கு ஐந்து நீதிபதிகளிடம் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

இரண்டு பக்க வாதங்கள்

கம்பெனிகளின் வாதத்தை வெறும் பணம் மிச்சம் பிடிக்கிற தந்திரம் என்று தள்ளிவிட முடியாது. போக்குவரத்து வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் தனியாகச் சில தகுதிகள் வைத்திருக்கிறது. கார் ஓட்ட 18 வயது, போக்குவரத்து வண்டிக்கு 20. அதற்குப் பழகுநர் லைசென்ஸ் எடுப்பதற்கே ஓராண்டு எல்.எம்.வி. அனுபவம் வேண்டும். மருத்துவச் சான்று கட்டாயம். பயிற்சிப் பாடத்திட்டமும் வேறு. லைசென்ஸ் செல்லுபடியாகும் காலமும் குறைவு. இவ்வளவும் எதற்காக? நாள் முழுக்கச் சாலையில் இருக்கும் ஓட்டுநருக்குக் கண்பார்வையும் உடல்நலமும் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே? இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட்டால் இந்தப் பாதுகாப்புகள் எங்கே போகும் என்று கேட்டார்கள்.

தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையில் ரிஷிகேஷ் ராய், பி.எஸ். நரசிம்மா, பங்கஜ் மித்தல், மனோஜ் மிஸ்ரா ஆகியோர் இருந்த அமர்வு இதை அவசரமாக முடிக்கவில்லை. லட்சக்கணக்கான ஓட்டுநர்களின் பிழைப்பைத் தொடுகிற விஷயம் என்பதால், கொள்கை அளவில் சட்டத்தையே திருத்த முடியுமா என்று யோசிக்கும்படி 2023 செப்டம்பரில் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. திருத்தம் வரவில்லை. 2024 ஆகஸ்டில் வாதங்கள் முடிந்து, நவம்பரில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி ரிஷிகேஷ் ராய்.

தீர்ப்பின் மையமான தர்க்கம் எளிமையானது, எனக்கு அது முழுவதும் சரியாகப் படுகிறது. 3-ஆம் பிரிவை மட்டும் தனியாக எடுத்து, எல்லாப் போக்குவரத்து வண்டிக்கும் தனி அனுமதி வேண்டும் என்று படித்தால், 2(21) விளக்கத்தில் "போக்குவரத்து வாகனம்" என்று எழுதியதற்கு அர்த்தமே இல்லாமல் போகும். இரண்டு பிரிவும் உயிரோடு இருக்கும்படி படிக்க வேண்டுமானால் வழி ஒன்றுதான்: 7,500 கிலோவுக்குள் எல்.எம்.வி. லைசென்ஸ் போதும், 7,500-க்கு மேல் போனால் தனி அனுமதியும் கூடுதல் தகுதிகளும் வேண்டும். பாதுகாப்பு வாதத்துக்கும் நீதிமன்றம் பதில் சொன்னது. எல்.எம்.வி. லைசென்ஸ்காரர்கள் சிறிய போக்குவரத்து வண்டிகளை ஓட்டுவதால்தான் விபத்துகள் கூடுகின்றன என்று காட்டுகிற தரவு எதையும் யாரும் முன்வைக்கவில்லை. வேகம், கவனக்குறைவு, செல்போன், சீட் பெல்ட் போடாமை, சாலையின் நிலை என்று விபத்துக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.

ஒரு விஷயத்தை மட்டும் ஓனர்களிடம் சொல்லத் தோன்றுகிறது. பேட்ஜுக்காக எடுக்கும் மருத்துவச் சான்று இப்போது சட்டப்படி தேவைப்படாமல் போகலாம். விடியற்காலை 3 மணிக்கு மார்க்கெட்டுக்குக் கிளம்புகிற டிரைவரின் கண்ணைப் பரிசோதிக்க வேண்டிய தேவை அதனால் போய்விடவில்லை. ஆண்டுக்கொரு முறை கண் மருத்துவரிடம் அழைத்துப்போவது ஓனரின் கையில்தான் இருக்கிறது.

7,500 கிலோ எங்கே எழுதியிருக்கிறது

தீர்ப்பு உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்பதைப் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் ஒரே ஒரு வரி தீர்மானிக்கிறது. அதில் எடை இரண்டு விதமாக இருக்கும். ஒன்று வெற்று எடை, மற்றொன்று சரக்கோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. சரக்கு வண்டிக்குப் பார்க்க வேண்டியது மொத்த எடை. அன்றைக்கு எவ்வளவு லோடு ஏற்றியிருந்தீர்கள் என்பதும் கணக்கில் வராது, வண்டி காலியாகப் போயிருந்தாலும் பதிவில் உள்ள மொத்த எடைதான் பேசும்.

டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பொலேரோ பிக்கப், டாடா 407 எல்லாம் இந்தக் கோட்டுக்குள் அடங்கிவிடும். சந்தையில் சில வண்டிகளின் மொத்த எடை 7,490 கிலோ என்று இருக்கும், இந்தக் கோட்டை மனதில் வைத்துத்தான் அப்படி வருகின்றன. அதே தோற்றத்தில் சற்றே பெரிய மாடல் கோட்டைத் தாண்டிவிடும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் தோற்றத்தை வைத்து முடிவு செய்யாமல் ஆர்.சி.யைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். தொழில் வளர்ந்து, குட்டி யானையை விற்றுப் பெரிய வண்டி எடுக்கும்போது இதுவரை ஓட்டிய அதே டிரைவரைப் புது வண்டியில் உட்கார வைப்பது இயல்பு. கோட்டைத் தாண்டிய வண்டியானால் அவருக்குப் போக்குவரத்து லைசென்ஸ் இருந்தே ஆக வேண்டும்.

எடை உள்ளே இருந்தாலும் தீர்ப்பு விட்டுவைத்த விதிவிலக்குகள் உண்டு. ஆபத்தான சரக்கு ஏற்றுகிற வண்டியை ஓட்ட, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9-ஆம் விதிப்படி தனிப் பயிற்சியும் லைசென்ஸில் தனிப் பதிவும் வேண்டும். சமையல் எரிவாயு சிலிண்டர், அமிலம் போன்ற ரசாயனங்கள் எடுத்துச்செல்பவர்கள் இதை மறக்கவே கூடாது. இ-ரிக்‌ஷா, இ-கார்ட் இரண்டுக்கும் தனி விதி தொடர்கிறது.

காலாவதி: இன்னும் திறந்திருக்கும் கதவு

தீர்ப்பு பேசியது லைசென்ஸின் வகையைப் பற்றி. லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பது வேறு கேள்வி, அதில் நீதிமன்றம் ஓனர்களிடம் கண்டிப்பாகவே இருக்கிறது.

2020 செப்டம்பரில் தீர்ப்பான பேலி ராம் வழக்கு இதற்குச் சரியான உதாரணம். லாரி விபத்தில் அடிபட்டவர் டிரைவரே. அவருடைய லைசென்ஸ் காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வேலைக்கு எடுக்கும்போது லைசென்ஸ் சரியாகத்தான் இருந்தது, பிறகு புதுப்பிக்காதது டிரைவரின் தவறு என்று ஓனர் தரப்பு சொல்ல முடிந்தது. நீதிமன்றம் ஏற்கவில்லை. வேலைக்கு எடுத்த அன்று பார்த்தால் போதாது, தன்னிடம் வேலை செய்கிறவரின் லைசென்ஸ் உரிய காலத்தில் புதுப்பிக்கப்படுகிறதா என்று கவனிப்பதும் ஓனரின் பொறுப்பு என்றது. இழப்பீடு ஓனர் தலையில் விழுந்தது.

இதையும் போலி லைசென்ஸ் வழக்குகளையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். டிரைவர் கொடுத்த லைசென்ஸ் போலி என்று பின்னால் தெரியவந்தால், ஓனர் பொதுவாகத் தப்பித்துக்கொள்ளலாம். 2003-இல் லெஹ்ரு வழக்கிலிருந்து நீதிமன்றம் சொல்லிவருவது இது: லைசென்ஸைப் பார்த்தார், வண்டியை ஓட்டிக் காட்டச் சொன்னார், திருப்தியடைந்தார், அவ்வளவு செய்தால் போதும், ஓனர் ஒவ்வொரு ஆர்.டி.ஓ. ஆபீஸாக ஏறி இறங்கி விசாரிக்க வேண்டியதில்லை. போலி என்பது ஓனர் கண்ணுக்குத் தெரியாது. காலாவதித் தேதி கார்டிலேயே அச்சாகியிருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியும். எனவே அங்கே சாக்குக்கு இடமில்லை.

முன்பு லைசென்ஸ் முடிந்த பிறகும் 30 நாள் சலுகை இருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கிவிட்டது. முடிகிற தேதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்று அதே திருத்தம் வசதி செய்திருக்கிறது. கார்டில் போக்குவரத்து வண்டிக்கு ஒரு தேதி, மற்ற வண்டிக்கு வேறு தேதி என இரண்டு இருக்கும். பேட்ஜ் உள்ள டிரைவருக்குப் போக்குவரத்துத் தேதி மட்டும் முடிந்துபோயிருந்தால், ரம்பா தேவி தீர்ப்பை வைத்து வாதாட இடம் இருப்பதாகவே நினைக்கிறேன். அப்படி வாதாட வேண்டிய நிலைக்கு ஏன் போக வேண்டும்? புதுப்பித்து வைத்துக்கொண்டால் கேள்வியே எழாது.

நடைமுறையில் ஒரு சிறிய வேலை போதும். டிரைவரை எடுக்கும்போது லைசென்ஸின் இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்து, தேதி போட்டு, அவருடைய கையெழுத்தோடு கோப்பில் வையுங்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் லைசென்ஸ் எண்ணைப் போட்டுப் பார்த்து அந்தப் பக்கத்தையும் அச்செடுத்துச் சேருங்கள். முடிகிற தேதியை உங்கள் செல்போனில் நினைவூட்டலாகப் போடுங்கள். தீர்ப்பாயத்தில் "நான் கவனமாக இருந்தேன்" என்று வாயால் சொல்வதற்கும் இந்தத் தாள்களை நீட்டுவதற்கும் உள்ள வித்தியாசம், மேலே போட்ட கணக்கில் 28 லட்சம்.

பாலிசித் தாளில் இன்னும் இரண்டு பத்தி

பிரீமியம் ரசீதைப் பத்திரமாக வைப்பவர்கள் பலர் பாலிசித் தாளைப் படிப்பதில்லை. சரக்கு வண்டிப் பாலிசியில் ஓட்டுநர் குறித்த பத்தியைத் தேடிப் படியுங்கள். விபத்து நேரத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்கும் எவரும் ஓட்டலாம் என்று இருக்கும். அடுத்த வாக்கியம், பழகுநர் லைசென்ஸ் வைத்திருப்பவரும் ஓட்டலாம், ஆனால் வண்டி சரக்கு ஏற்றிப் போகாத நேரத்தில் மட்டும் என்று சொல்லும். கடைப் பையனுக்குப் பழக்கிவிடலாம் என்று, லோடு இறக்கப் போகிற வழியில் ஸ்டியரிங்கைக் கொடுப்பது பாலிசிக்கு வெளியே போய்விடும்.

அதற்கடுத்த பத்தி எந்த உபயோகத்துக்குப் பாலிசி செல்லும் என்பது. பெர்மிட்டின் கீழ் ஓடும்போது, அல்லது சட்டத்தின் 66(3) பிரிவில் பெர்மிட் விலக்குப் பெற்ற வண்டியாக ஓடும்போது மட்டும் என்று அதில் இருக்கும். மொத்த எடை 3,000 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்று அந்தப் பிரிவு சொல்வதால் குட்டி யானைக்காரர்களுக்குக் கவலை இல்லை. 3,000-ஐத் தாண்டினால் பெர்மிட் இருந்தே ஆக வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது அடிப்படையான மீறல் என்று 2018-இல் அம்ரித் பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. அதன் விளைவும் அதே "கொடு, பிறகு வசூலி"தான்.

இதைவிட என்னை அதிகம் கலங்கவைப்பது, சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது. குலதெய்வம் கோயிலுக்கு, நிச்சயதார்த்தத்துக்கு, துக்க வீட்டுக்கு என்று தெருவே குட்டி யானையின் பின்னால் ஏறிக்கொள்கிறது. வண்டி வைத்திருப்பவர் உறவுக்காரர், கேட்டால் மறுக்க முடியாது, பெரும்பாலும் காசும் வாங்கமாட்டார். 1994 திருத்தத்துக்குப் பிறகு சரக்கு வண்டிப் பாலிசியில், சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ உடன் வந்தால் பாதுகாப்பு உண்டு, அதுவும் கேபினில் உட்கார்ந்து வந்தால். டிரைவருக்கும் வண்டியில் வரும் லோடுமேனுக்கும் தொழிலாளர் இழப்பீட்டு அளவுக்குப் பாதுகாப்பு உண்டு. பின்னால் ஏறிய உறவினர்கள் யாரும் இந்தப் பட்டியலில் இல்லை. ஆஷா ராணி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. ரம்பா தேவி தீர்ப்பும் இதைத் தொடவில்லை. வண்டி கவிழ்ந்து பத்துப் பேர் அடிபட்டால் பத்து வழக்கு, பத்துக்கும் பொறுப்பு அந்த ஒரே ஓனர்.

ஓனரே ஓட்டினால்

சிறு தொழிலில் ஓனரும் டிரைவரும் பெரும்பாலும் ஒருவரே. பக்கத்து ஊர் டெலிவரிக்கு அவரே வண்டியை எடுத்துக்கொண்டு போவார். தன் வண்டியைத் தானே ஓட்டி அடிபட்டால் அவர் மூன்றாம் தரப்பு ஆகமாட்டார். அவருக்கு இருப்பது ஓனர்-டிரைவர் தனிநபர் விபத்துக் காப்பு மட்டும்தான். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பிறகு 2018-இல் அது 15 லட்சமாக உயர்த்தப்பட்டது. அதைப் பெற அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், ஆர்.சி.யும் பாலிசியும் அவர் பெயரிலேயே இருக்க வேண்டும். வண்டியைக் கூட்டு நிறுவனத்தின் பெயரிலோ கம்பெனியின் பெயரிலோ பதிந்திருந்தால் இந்தக் காப்பு கிடைக்காது. வரிக்காக நிறுவனப் பெயரில் பதியச் சொல்லும் ஆடிட்டர் இதைச் சொல்லாமல் விட வாய்ப்பிருக்கிறது. அப்படிப் பதிந்தவர்கள் தங்களுக்கென்று தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்வது நல்லது.

நிலுவையில் இருக்கும் க்ளெய்ம்கள்

2024 நவம்பருக்கு முன் நடந்த விபத்தாக இருந்தாலும், வழக்கு இன்னும் முடியாமல் இருந்தால் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டலாம். சட்டத்துக்கு முதலிலிருந்தே இதுதான் பொருள் என்றுதான் நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. தீர்ப்பாயத்தில் "பேட்ஜ் இல்லை" என்று கம்பெனி சொல்லியிருந்தால், உங்கள் வக்கீலிடம் மூன்று தாள் கொடுத்தால் போதும்: மொத்த எடை தெரிகிற ஆர்.சி., விபத்து நாளில் செல்லுபடியான லைசென்ஸ், ரம்பா தேவி தீர்ப்பின் நகல்.

உங்கள் வண்டியின் சொந்த சேதத்துக்கான க்ளெய்மை இந்தக் காரணம் சொல்லி நிராகரித்திருந்தால் வழி வேறு. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி நகரத்துக்கும் காரைக்காலுக்கும் அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. தனிநபர்கள் மட்டுமல்ல, தனியுரிமைக் கடைக்காரர்களும் குறு நிறுவனங்களும் அங்கே புகார் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. 50 லட்சம் ரூபாய் வரையுள்ள விவகாரங்களை அவர் விசாரிக்கலாம். கம்பெனி கைவிரித்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும், எனவே நிராகரிப்புக் கடிதத்தின் தேதியை முதலில் பாருங்கள்.